தெருவில் வைத்த கல்லாப்பெட்டி

2023 ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றங்கள் திறந்த முதல் வாரம். பத்தமடையிலிருந்து ஓர் அம்மா மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"எம்மவன் களவாண்டுட்டான்னு சொல்லுதாவ ஐயா. போலீஸ்ல பேர எழுதிட்டாவ. இவன் அப்படிப்பட்ட பிள்ள இல்ல."

பையனுக்கு இருபது வயது. அம்பாசமுத்திரம் சாலையில் ஓர் ஊரில், பலசரக்குக் கடையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறான். அம்மாவுக்குப் பாய் முடைகிற வேலை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயம் ஏற்றி, இழை இழையாகத் தறியில் கோத்துத்தான் அவனை வளர்த்திருக்கிறார். பையன் தலைகுனிந்தே நின்றான். மூன்று நாளாகக் காலையில் காவல் நிலையத்துக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்தவன் அவன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். கொலை வழக்குகளை நடத்தியிருக்கிறேன், பெரிய நிலமோசடி வழக்குகளையும் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் இளைய வழக்கறிஞர்கள் என்னிடம் அனுபவம் கேட்கும்போது முதலில் நான் சொல்வது இந்தச் சின்ன வழக்கைத்தான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நேர்மையானவர், கடுமையாக உழைப்பவர். கல்லா மேசை மேல் ஒன்று, தெருவைப் பார்த்த தூணில் ஒன்று என்று அவர் கடையில் இரண்டு க்யூஆர் கோடுகள் இருந்தன. காலையில் பால் பாக்கெட்டும் தினசரியும் வாங்க வருகிறவர்கள் படியேறாமல் தூணில் உள்ளதை ஸ்கேன் செய்துவிட்டு, போனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டியும் முன்பு இருந்தது. மாத வாடகை வீண் என்று அண்ணாச்சி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "போன்ல பச்ச டிக் வந்துச்சான்னு பாரு, அது போதும்" என்று பையனிடம் சொல்லியிருந்தார்.

மே மாதக் கடைசியில் அரிசி மண்டிக்குப் பணம் அனுப்பப் போனபோது வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லை. விற்பனை குறையவில்லை, சரக்கும் தீர்ந்திருக்கிறது, பணத்தை மட்டும் காணோம். இரண்டு நாள் கழித்து, காலையில் வழக்கமாகப் பால் வாங்கும் ஓர் ஆசிரியை, "அண்ணாச்சி, ஒங்க கோட அடிச்சா வேற யாரு பேரோ வருதே" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி தூணுக்கு ஓடிப்போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேல்தாள் உரிந்து வந்தது. அடியில் அவருடைய பழைய கோடு அப்படியே இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளிலும் அவர் கடைப் பெயரே அச்சாகியிருந்தது. கட்டங்கள் மட்டும் வேறு.

ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டு எரித்துவிட்டார். பிறகு காவல் நிலையத்துக்குப் போய், தூணுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்ற பையன் மேல் பிராது கொடுத்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் 408 (பணியாள் செய்யும் நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி (கணினி வழி ஆள்மாறாட்டம்) ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது.

எனக்கு அப்போது க்யூஆர் கோடு பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பட்டா நகலின் அடியில் அச்சாகும் கட்டத்தைக் கைப்பேசியில் படித்து, அரசு இணையதளத்தில் உள்ள சர்வே எண்ணும் கையில் உள்ள நகலும் ஒன்றுதானா என்று பார்க்கத் தெரியும். 2018-க்குப் பிறகு வந்த பள்ளிப் பாடநூல்களில் அதே கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய் எழுதவே க்யூஆர் கோடு அச்சிட்டார்கள் என்று செய்தி படித்து வியந்திருக்கிறேன். அவ்வளவுதான். வழக்கைக் கையில் எடுத்த அன்று ராத்திரி என் இளையவர் ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் பாடம் கேட்டேன்.

1994-ல் ஜப்பானில் டென்சோ குழுமத்தில் வேலை பார்த்த மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவர் குழுவினரும் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது இது. வரிவரியாக இருக்கும் பழைய பார்கோடில் ஏறத்தாழ இருபது எழுத்துகள்தான் அடங்கும். இதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 வரை அடைக்கலாம். கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்கிறார்கள். காப்புரிமை வைத்திருந்தும் நிறுவனம் அதைக் காட்டி யாரையும் தடுக்கவில்லை. அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக, அரை நிமிஷத்தில் ஒரு கோடு உருவாக்கிவிடலாம். நல்லவனுக்குக் கிடைத்த அதே வசதி கெட்டவனுக்கும் கிடைத்தது.

பணம் கட்டும் கோட்டுக்குள் மந்திரம் எதுவும் கிடையாது. "இந்த யுபிஐ முகவரிக்கு, இந்தப் பெயரில், இந்திய ரூபாயில் செலுத்து" என்ற ஒரு வரிதான் உள்ளே எழுதியிருக்கிறது. முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிக் கோடு இருந்தது. எந்தச் செயலியும் எந்தக் கோட்டையும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவிட்டது. மக்களுக்கு அது பெரிய வசதி. அதோடு, ஒரே ஒரு தாளை மாற்றி ஒட்டினால் எல்லாச் செயலியிலிருந்தும் வரும் பணத்தைத் திருப்பிவிடலாம் என்ற ஆபத்தும் வந்தது.

மறுநாள் பையனின் அம்மாவிடம் ஒரு கோட்டைக் காட்டி விளக்கினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பாயில ஒரு இழ பெசகுனா எங் கண்ணு சொல்லிரும் ஐயா. இதுல எது பெசகுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். வழக்கின் சாரமே அதுதான் என்று அப்போது எனக்குப் பட்டது. கையெழுத்தை மாற்றினால் கண் கண்டுபிடிக்கும், நோட்டு கள்ளநோட்டு என்றால் விரல் கண்டுபிடிக்கும். இந்தக் கட்டத்தை மனிதக் கண்ணால் படிக்க முடியாது. ஆகவே கட்டத்தைப் பார்த்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பணம் போன இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் முக்கியச் சாட்சியமான தாள் சாம்பலாகிவிட்டது. அதில் இருந்த முகவரி எது?

அதற்குப் பதில் ஒரு கல்லூரி மாணவியின் போனில் இருந்தது. அண்ணாச்சி கடைத் தூணில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலைவாய்ப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை அந்தப் பெண் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தின் ஓரத்தில் கோடும் விழுந்திருந்தது. வெயில் பட்டு ஒரு பக்கம் மினுங்கியது. வலது கீழ் மூலையைத் தொங்கவிட்ட ஷாம்பு பாக்கெட் சரம் மறைத்திருந்தது. இதைப் படிக்க முடியாது என்றுதான் நான் நினைத்தேன். இளையவர் போனில் ஏற்றியதும் படித்துவிட்டது. கோட்டின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் தெரிந்தால் போன் அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்றும், உள்ளே இருக்கும் செய்தி மிகைத் தகவலோடு எழுதப்படுவதால் 7 முதல் 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீட்டெடுக்க முடியும் என்றும் அவர் விளக்கினார். எண்ணெய்க் கறையும் கீறலும் பட்ட தொழிற்சாலைச் சீட்டுக்காக ஜப்பானியர் செய்த ஏற்பாடு, பத்தமடைப் பையன் ஒருவனைக் காப்பாற்ற வந்து நின்றது. படத்தில் வந்த பெயரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது சாட்சியம் ஆசிரியையிடம் இருந்தது. அவர் தினமும் பால் வாங்குகிறவர். போனில் உள்ள பணப்பட்டியலைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், பெயர், பரிவர்த்தனை எண். திங்கட்கிழமை மாலை வரை அண்ணாச்சியின் பெயர். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே வேறு பெயர். தாள் ஒட்டியது அந்த ஒரே ராத்திரியில்தான் என்று முடிவானது.

பையனிடம் கேட்டேன்: "அந்தத் திங்கட்கிழமை ராத்திரி நீ எங்கே இருந்தே?"

"எங்க ஊர் சொடலமாடன் கோயில் கொட ஐயா. ஞாயித்துக்கெழம சாயங்காலமே லீவு சொல்லிட்டு வந்துட்டேன். புதன்கெழமதான் கடைக்குப் போனேன்."

செவ்வாய்க்கொடை. முதல் நாள் ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்பு, விடிய விடிய வில்லுப்பாட்டு. ஊர்ப் பையன்கள் எடுத்த வீடியோக்களில் அவன் பந்தலில் பெஞ்சு தூக்குகிறான், பானகம் ஊற்றுகிறான், விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு பாட்டுக் கேட்டு உட்கார்ந்திருக்கிறான்.

முன்ஜாமீன் மனுவோடு இவற்றை முறைப்படி சேர்த்தேன். மின்னணுச் சாட்சியத்தின் நகலைத் தாக்கல் செய்தால் அன்றைய சாட்சியச் சட்டம் 65பி(4) பிரிவின்படி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. முன்ஜாமீன் கட்டத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனாலும் மாணவியிடமும் ஆசிரியையிடமும் வீடியோ எடுத்த பையனிடமும் அப்போதே சான்றிதழ் வாங்கிவிட்டேன். போன் தொலையலாம், செயலியை நீக்கலாம், படம் அழியலாம். இன்று கிடைப்பதை இன்றே பத்திரப்படுத்த வேண்டும்.

திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் தன் கடமையைச் சரியாகவே செய்தார். "கடையில் வேலை செய்பவனுக்குத்தான் தாள் ஒட்ட வசதி இருக்கிறது. சொந்த ஊர் பக்கத்தில்தான். ராத்திரியில் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம்" என்றார். நான் வீடியோக்களையும் பணப்பட்டியலையும் காட்டினேன். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி வைத்தேன்: "செவ்வாய், புதன் காலை வரை பையன் கடையிலேயே இல்லை. அந்த நேரத்திலும் பணம் அந்நியக் கணக்குக்குப் போயிருக்கிறது. அப்போது வாடிக்கையாளர் காட்டிய போனைப் பார்த்துத் தலையாட்டியது யார்?"

அண்ணாச்சி பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல. ஆனாலும் என் காதில் விழும்படி மெதுவாகச் சொன்னார்: "நான்தான்."

நீதிபதி விசாரணை அதிகாரியிடம் கேட்டது, பணம் போன கணக்கு யாருடையது என்பது. வங்கியிலிருந்து வந்த பதிலின்படி, கணக்கு வேறு மாநிலத்தில் உள்ள ஒரு கிளையில் இருந்தது. பையனுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒரு பைசா தொடர்பும் இல்லை. நிபந்தனையோடு முன்ஜாமீன் கிடைத்தது. சில மாதங்கள் கழித்துத் தாக்கலான அறிக்கையில் அவன் பெயர் நீக்கப்பட்டது. கணக்குக்கு உரியவர் ஒரு கூலித் தொழிலாளி. கொஞ்சம் பணத்துக்காகப் பாஸ்புத்தகத்தையும் சிம் கார்டையும் யாரிடமோ கொடுத்துவிட்டவர். அந்த ராத்திரி தூணில் தாள் ஒட்டிய கை யாருடையது என்பது இன்று வரை தெரியவில்லை.

வழக்கு முடிந்தாலும் ஒரு சட்டக் கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்டவர் ஆசிரியை. "நான் கொடுத்த பணம் அண்ணாச்சிக்குப் போய்ச் சேரல. அப்போ நான் திரும்பவும் தரணுமா சார்?"

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையை நம்பலாமா என்று பார்த்தேன். மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று சொல்லும் அந்தப் பாதுகாப்பு, அவர் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. இங்கே அவரே பின் எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார். ஆகவே அந்தக் கதவு மூடியிருந்தது.

சீனத்தில் இதே விஷயம் நமக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ஃபூஜியான் மாகாணத்தில் ஷிஷி என்ற ஊரில் ஒருவன் கடைகளின் கோட்டு மேல் தன் கோட்டை ஒட்டிப் பணம் சேர்த்தான். 2017-ல் அந்த ஊர் நீதிமன்றம் அவனைத் தண்டித்தது ஏமாற்றுதலுக்கு அல்ல, திருட்டுக்கு. கடையில் வைத்த க்யூஆர் கோடு அந்தக் கடையின் கல்லாப்பெட்டி போன்றது, வாடிக்கையாளர் அதை நம்பிப் பணம் போட்டால் கல்லாவில் போட்டதாகவே அர்த்தம், கோட்டை மாற்றியவன் கல்லாவிலிருந்து திருடியவன், இழப்பு கடைக்காரருடையது. தீர்ப்பின் சாரம் இதுதான். சீனத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தில் இந்தச் செயல் ஏமாற்றுதலாகவும் ஆள்மாறாட்டமாகவும்தான் பதிவாகிறது. ஆனால் கல்லாப்பெட்டி என்ற அந்த ஒப்புமை நியாயமானது என்று நான் நம்புகிறேன். நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 50-ஆவது பிரிவும், பணம் பெற வேண்டியவர் சொன்ன முறையில் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்றே சொல்கிறது. கடைக்காரர் தன் தூணில் பலகை வைத்து ‘இதில் போடு’ என்றார், வாங்கியவர் போட்டார். அந்தப் பலகையைக் காக்க வேண்டியவர் கடைக்காரர்தான். ஆசிரியையிடம் அப்படியே சொன்னேன். அண்ணாச்சியும் யாரிடமும் திரும்பக் கேட்கவில்லை.

அண்ணாச்சி ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தார். பையனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டதாகவும் அவன் வர மறுத்துவிட்டதாகவும் சொன்னார். "ரெண்டு வருசம் ஒரு நாள்கூட அவன் கல்லாவுல கை வச்சதில்ல, வக்கீலய்யா. எனக்குத் தெரியும். இருந்தும் அவன் பேரத்தான் சொன்னேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. பையன் இப்போது தச்சநல்லூர்ப் பக்கம் வேறொரு கடையில் இருக்கிறான். தூணையும் மேசையையும் தினமும் அவனே சோதிக்கிறானாம்.

இப்போது சட்டத்தின் எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ல் வருகிறது. மின்னணுச் சான்றிதழ் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவில் இரண்டு பகுதியாக வருகிறது. ஒன்றைச் சாட்சியத்தைத் தருபவர் கொடுக்க வேண்டும், மற்றதை நிபுணர் கொடுக்க வேண்டும். பணம் அனுப்பும் முன் வங்கியில் பதிவான உண்மைப் பெயரையே செயலி காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025-ல் விதித்திருக்கிறது. தந்திரம் மட்டும் மாறவில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ஒரே ராத்திரியில் பல கடைகளின் கோடுகளும் ஒரு பெட்ரோல் பங்கின் கோடும் மாற்றி ஒட்டப்பட்ட செய்தியைப் படித்தபோது, அண்ணாச்சி கடைத் தூண்தான் என் கண்முன் வந்தது.

கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோட்டை உங்கள் வங்கியிலோ செயலியிலோ இருந்து நேரடியாக எடுங்கள். அதைத் தெருத் தூணில் ஒட்டாமல், கல்லா மேசையில் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். கணக்கில் வரும் பெயரைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். காலையில் கடை திறந்ததும் வீட்டார் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, உங்கள் கணக்குக்கு வந்ததா என்று பாருங்கள். வாடிக்கையாளர் போனில் தெரியும் பச்சை டிக், அவர் பணம் கொடுத்ததற்குச் சான்று. உங்களுக்கு வந்ததற்குச் சான்று உங்கள் போனிலோ ஒலிப்பெட்டியிலோதான் இருக்கிறது. தாள் மாறியிருந்தால் கிழிக்காதீர்கள். படம் எடுங்கள், உரித்து உறையில் போடுங்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கிலிருந்து கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. அண்ணாச்சிக்குத் தெரிய வந்தபோது அந்தக் கணக்கு காலியாகியிருந்தது.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: பின் எண் போடும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரர் காதில் விழும்படி வாய்விட்டுப் படியுங்கள். ஆசிரியை அன்று வாய்திறந்து கேட்டதால்தான் அந்தத் திருட்டு நின்றது.

இளைய வழக்கறிஞர்களிடம் இந்த வழக்கை முதலில் சொல்வதன் காரணம் இதுதான். படிக்க முடியாத ஒன்று நம்மை ஏமாற்றும்போது, படிக்கத் தெரிந்த முகம் ஒன்றைத் தேடிப் பழி போடுவது மனித இயல்பு. பெரும்பாலும் அந்த முகம் கடையில் கூலிக்கு நிற்கும் பிள்ளையின் முகமாகத்தான் இருக்கும். அண்ணாச்சிமார்களே, ராத்திரி கடை அடைக்கும்போது உள்ளே இருக்கும் கல்லாவைப் பூட்டுகிறீர்கள். தெருவில் ஒரு கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறீர்கள். அதைப் பூட்டாமல் விட்டுவிட்டு, காலையில் வந்து நிற்கும் பையனைக் கள்ளன் என்று சொல்லாதீர்கள்.